சிரிப்பு யார் மேல் விழுகிறது

'இப்போது வரும் அமெரிக்க, பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் எங்கே திரும்பினாலும் பெண்ணியம்தான். முன்பு பெண்களைக் கேலி செய்தார்கள், இப்போது ஆண்களைக் கேலி செய்கிறார்கள். இதைத் தாண்டி உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக இந்தத் தொடர்களை விடாமல் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மாறியிருக்கிறது, நிறையவே. ஆனால் நாயகி பேசும் வசனத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. 'நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை' என்று ஒரு பெண் திரையில் சொல்வது பெரிய விஷயமில்லை, எந்தக் காலத்திலும் சொல்ல வைத்திருக்கலாம். நான் இரண்டு இடங்களைப் பார்ப்பேன். சிரிப்பு வந்த நொடியில் அது யார் மேல் விழுகிறது என்பது ஒன்று. அந்தக் காட்சியை எழுதிய அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பார்த்தால், பெண்களுக்கு இந்தத் தொடர்களில் கிடைத்த பெரிய வரவு பெருமை இல்லை, தப்பு செய்யும் உரிமை என்பது தெரியும். ஒரு பெண் முட்டாள்தனம் செய்யலாம், சுயநலமாக இருக்கலாம், அசடு வழியலாம். 'பொம்பளைன்னாலே இப்படித்தான்' என்று அந்தத் தப்பு மொத்தப் பெண்கள் தலையிலும் விழாது. ஆண் பாத்திரங்களுக்கு இது முதல் நாளிலிருந்தே இருந்தது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1951இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். லூசிக்கு மேடையேற ஆசை. கணவர் ரிக்கி இசைக்குழுத் தலைவர், மனைவி வீட்டில் இருந்தால் போதும் என்கிறவர். ஒவ்வொரு வாரமும் லூசி ஏதாவது தந்திரம் செய்வார், அது தலைகீழாகக் கவிழும், கடைசியில் வீட்டுக்கே திரும்புவார். சில எபிசோட்களில் ரிக்கி அவரை மடியில் குப்புறப் போட்டு அடிப்பார், பார்வையாளர்கள் சிரிப்பார்கள். 1952இல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். லூசியும் தோழி எதலும் ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளுக்குக் காகிதம் சுற்ற வேண்டும். பட்டை வேகம் பிடிக்கிறது. கையில் நிற்காத சாக்லேட்டுகளை வாயில் அடைக்கிறார்கள், தொப்பிக்குள் தள்ளுகிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார், கீழே ஒன்றும் சிந்தவில்லை, சரி என்று இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். அதே எபிசோடில் வீட்டில் ஆண்கள் இருவரும் சோறு பொங்கத் தெரியாமல் சமையலறையை நாசம் செய்கிறார்கள். முடிவு என்ன? அவரவர் பழைய இடத்துக்கே போகலாம் என்று சமாதானம். சிரிப்பு இரு பக்கமும் விழுகிறது, ஆனால் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

திரைக்கு வெளியே நடந்தது வேறு. லூசியாக நடித்த லூசில் பால் நிஜத்தில் கர்ப்பமானபோது கதையிலும் அதைச் சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை உச்சரிக்க சிபிஎஸ் விடவில்லை, எதிர்பார்த்திருக்கிறாள் என்று சுற்றி வளைத்துத்தான் பேசினார்கள். 1953 ஜனவரியில் குழந்தை பிறந்த எபிசோடைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். 1962இல் லூசில் பால், விவாகரத்தான கணவரின் பங்கை வாங்கிக்கொண்டு டெசிலு ஸ்டூடியோவின் தலைவரானார். 'ஸ்டார் டிரெக்' தொடர் அந்த ஸ்டூடியோவில் உருவானதுதான். திரையில் மேடையேறவே அனுமதி கிடைக்காத பெண்ணாக நடித்தவர், வெளியே மேடைக்கே சொந்தக்காரராக இருந்தார். இந்த முரணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

அடுத்து 1970. 'மேரி டைலர் மூர் ஷோ'. முப்பது வயது, கல்யாணமாகாதவள், மினியாபோலிஸில் ஒரு தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை. முதலில் மேரியை விவாகரத்தானவளாகத்தான் யோசித்தார்கள். சிபிஎஸ் மறுத்துவிட்டது, நிச்சயதார்த்தம் முறிந்தவள் என்று மாற்றினார்கள். அலுவலகத்தில் எல்லோரும் மேலதிகாரியை 'லூ' என்று கூப்பிட, மேரி மட்டும் 'மிஸ்டர் கிராண்ட்' என்பாள். இந்தச் சின்ன விஷயத்திலேயே அவள் எங்கே நிற்கிறாள் என்பது தெரிந்துவிடும்.

1972இல் வந்த ஒரு எபிசோடில், தனக்கு முன்னால் அதே வேலையைப் பார்த்த ஆண் தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்கினார் என்று மேரிக்குத் தெரியவருகிறது. ஏன் என்று கேட்கிறாள். அவர் ஆண் என்பதால், என்று லூ கிராண்ட் கூச்சமே இல்லாமல் சொல்கிறார். காப்பாற்றக் குடும்பம் இருந்தது என்று விளக்கமும் தருகிறார். மேரி ஒரு நிமிடம் தயங்குகிறாள். அப்புறம் கேட்கிறாள்: அப்படியானால் மூன்று பிள்ளை உள்ளவருக்கு இரண்டு பிள்ளைக்காரரைவிட அதிகமும், கல்யாணமாகாத ஆணுக்கு எல்லோரையும்விடக் குறைவும் தர வேண்டுமே, அப்படி நீங்கள் தருவதில்லையே, மிஸ்டர் கிராண்ட்? லூவிடம் பதில் இல்லை. சிரிப்பு வெடிக்கிறது, லூவின் திருதிரு முழியின் மேல். இருபது வருடங்களில் சிரிப்பு அறையின் எதிர்ப்பக்கம் போய்விட்டது. இந்தத் தொடருக்கு எழுதிய திரேவா சில்வர்மன் 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். ஆண் எழுத்தாளர் யாரும் கூட இல்லாமல் தனியாக நகைச்சுவை எழுத்துக்கு அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அதே 1972 நவம்பரில் 'மோட்' என்ற தொடரில் 47 வயது மோட் எதிர்பாராமல் கர்ப்பமாகி, கருக்கலைப்பு செய்வதென்று முடிவெடுக்கிறாள். இரண்டு பாகமாக வந்த அந்தக் கதையை எழுதியவர் சூசன் ஹாரிஸ். கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது 1973 ஜனவரியில். தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு சிரிப்புத் தொடர் அந்தப் பேச்சை வரவேற்பறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பிறகு 1992இல் 'மர்ஃபி பிரவுன்' தொடரின் நாயகி கல்யாணம் செய்யாமலே குழந்தை பெற்றபோது, துணை ஜனாதிபதி டான் குவேல் ஒரு பொதுக்கூட்டத்தில் அந்தக் கற்பனைப் பாத்திரத்தைக் கண்டித்துப் பேசினார். இல்லாத ஒரு பெண்மேல் ஒரு நாட்டின் துணை ஜனாதிபதிக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இனி அந்த எழுத்தாளர் அறை. அமெரிக்கத் தொடர்களை ஒருவர் தனியாக எழுதுவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காலையிலிருந்து நள்ளிரவு வரைக்கும் வாய்க்கு வந்ததைப் பேசி, அதிலிருந்து கதையை உருட்டுவார்கள். 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் எழுத்தாளர்களுக்கு உதவியாளராக ஒரு பெண் இருந்தார், அவர்கள் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்வது அவர் வேலை. சில மாதங்களில் வேலை போனது. அந்த அறையில் ஓடிய ஆபாசப் பேச்சையும் சைகைகளையும் குறிப்பிட்டு வழக்குப் போட்டார். 2006 ஏப்ரலில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வயது வந்தவர்களுக்கான நகைச்சுவையை உருவாக்கும் இடத்தில் அந்த மாதிரிப் பேச்சு வேலையின் பகுதிதான், அந்தப் பெண்ணைக் குறிவைத்துப் பேசப்பட்டதும் அல்ல என்பதே அதன் சாரம். சட்டத்தின் கணக்கு எப்படியோ இருக்கட்டும். நாம் உட்கார்ந்து சிரிக்கும் நகைச்சுவை எந்தக் காற்றில் விளைகிறது என்பதை நான் அந்த வழக்கில்தான் தெரிந்துகொண்டேன்.

அதே 2006 அக்டோபரில் '30 ராக்' வந்தது. கதையே ஒரு எழுத்தாளர் அறையைப் பற்றியது, அறைக்குத் தலைவி லிஸ் லெமன் என்ற பெண். உருவாக்கி நடித்தவர் டினா ஃபே. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் தலைமை எழுத்தாளரான முதல் பெண். லிஸ் லெமன் தன்னைப் பெண்ணியவாதி என்று நம்புகிறவள். தொடர் அவளை நேசிக்கிறது, கூடவே அவளுடைய நம்பிக்கையில் இருக்கும் ஓட்டைகளையும் காட்டிக்கொண்டே போகிறது.

2011இல் வந்த ஒரு எபிசோடைச் சொல்கிறேன். லிஸ் நடத்தும் நிகழ்ச்சி பெண்களை வெறுக்கிறது என்று ஒரு இணையதளம் எழுதிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட, ஒரு பெண் நகைச்சுவைக் கலைஞரை வேலைக்கு எடுக்கிறாள். வந்தவளோ குழந்தைக் குரலில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறாள், ஆண்கள் முன் நெளிகிறாள். லிஸ்ஸால் தாங்க முடியவில்லை. இவளைத் திருத்துகிறேன் என்று இறங்கி, அவளுடைய பழைய வீடியோவைத் தேடிப் பிடித்து, நிஜத்தில் இவள் குரல் இது, தலைமுடி இது என்று ஊருக்கே வெளியிடுகிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அந்தப் பெண் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி, ஆளே தெரியாமல் மாறி ஒளிந்திருந்தவள். இப்போது அவன் அவளைக் கண்டுபிடித்துவிடுவான். சிரிப்பு அந்தக் கொஞ்சல் குரலில் தொடங்கி, லிஸ்ஸின் தலையில் வந்து முடிகிறது. இன்னொரு பெண் எப்படிப் பேச வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பெண்ணியம் என்று நினைத்துக்கொண்டவளுக்கு விழுந்த அடி அது. வெளியில் இருந்து கிண்டல் செய்கிறவரால் இதை எழுதவே முடியாது. உள்ளே இருந்து வலித்தவர்தான் எழுத முடியும்.

'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' (2009-2015) வேறொரு பாடம். இந்தியானாவில் பானி என்ற கற்பனை ஊரின் பூங்காத் துறையில் வேலை பார்க்கும் லெஸ்லி நோப் அரசியலில் உயர நினைப்பவள். அலுவலகச் சுவரில் பெண் தலைவர்களின் படங்களை மாட்டி வைத்திருப்பாள். முதல் சீசனில் அவளை எல்லோரும் சகித்துக்கொள்ளும் ஒரு அசடாகக் காட்டினார்கள். அவள் பேசி முடித்ததும் கேமரா பக்கத்தில் இருப்பவர்கள் முகத்துக்குப் போகும், அவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் சீசனில் எழுத்தாளர்கள் இதை மாற்றினார்கள். லெஸ்லியை மாற்றவில்லை, கவனியுங்கள். அதே படபடப்பு, அதே அளவுக்கு மீறிய ஆசை. சுற்றி இருப்பவர்கள் அவளைப் பார்க்கும் பார்வையைத்தான் மாற்றினார்கள், அவள் திறமைசாலி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான், தொடரே வேறாகிவிட்டது. வேலையில் துடிப்பாக இருக்கும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் அலுவலகத்திலும், அதே பெண்ணை நம்பும் அலுவலகத்திலும் வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

'பின்னால் ஓடும் சிரிப்புச் சத்தமே இல்லாமல் போய்விட்டதே' என்றும் நீங்கள் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். அது வெறும் பாணி மாற்றம் இல்லை. 1950களில் சிபிஎஸ்ஸில் ஒலிப் பொறியாளராக இருந்த சார்லஸ் டக்ளஸ், பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டியில் அடைத்தார். தட்டச்சு இயந்திரம் போல விசைகள் இருக்கும், ஒரு விசைக்கு மெல்லிய சிரிப்பு, இன்னொன்றுக்கு வயிறு குலுங்கும் சிரிப்பு. எங்கே சிரிக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்தது. மனைவியைக் கணவன் மட்டம் தட்டும் வசனத்துக்குப் பின்னால் நூறு பேர் சிரித்தால், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவளும் சிரித்தாக வேண்டிய கட்டாயம். சிரிக்காவிட்டால் அவள் தனி ஆள்.

இதை அப்படியே கதையாக்கிய ஒரு தொடர் 2021இல் ஏஎம்சி அலைவரிசையில் வந்தது, 'கெவின் கேன் எஃப் ஹிம்செல்ஃப்'. எழுதியவர் வேலரி ஆம்ஸ்ட்ராங். அலிசன் என்ற மனைவி வரவேற்பறையில் கணவன் கெவினோடு இருக்கும்வரை அது பழைய பாணி சிட்காம், அதாவது சிரிப்பொலியோடு ஓடும் நகைச்சுவைத் தொடர். பளிச்சென்ற விளக்கு, மூன்று சுவர், சோபா, கெவின் வாயைத் திறந்தாலே சிரிப்பொலி. அவள் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது. நிறம் சாம்பலாகிறது. கேமரா அவள் முகத்துக்கு வெகு அருகில் வருகிறது, இப்போதுதான் நாம் அந்த முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறோம். அதே வீடு, அதே நாள். முதல் எபிசோடிலேயே, சேமிப்பு எல்லாவற்றையும் கெவின் எப்போதோ கரைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியவருகிறது. வரவேற்பறையில் அவனுடைய ஊதாரித்தனம் நகைச்சுவை, சமையலறையில் அது அவளுடைய வாழ்க்கை. அந்தத் தலைப்புக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 'கெவின் கேன் வெயிட்' என்ற நிஜமான சிபிஎஸ் தொடரில் முதல் சீசன் முழுக்க இருந்த மனைவியை, இரண்டாம் சீசன் தொடங்குவதற்குள் இறந்துவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவள் போனதற்காகக் கதை நின்று அழக்கூட இல்லை.

'பிக் பேங் தியரி' (2007-2019) பற்றிச் சொல்லாமல் போனால் இந்தியப் பார்வையாளர்கள் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பென்னிக்குக் கல்யாணமாகும்வரை குடும்பப் பெயரே சொல்லப்படவில்லை. பெண்கள் முன்னால் வாய் திறக்க முடியாத ராஜேஷ், பெண் என்றால் ஏதோ இயற்கைச் சீற்றம் என்பது போல ஆறு சீசன் ஓட்டினார். ஏமி, பெர்னடெட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் வந்து நிலைத்த பிறகுதான் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சிகளே வந்தன. சிரித்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் திரும்பப் பார்க்க மனம் வரவில்லை.

இந்த வரிசையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பிரிட்டனின் 'ஃப்ளீபேக்' (2016, 2019). ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013இல் எடின்பரோ விழாவில் தனியாக நடித்த நாடகம்தான் பிறகு பிபிசி தொடரானது. முதல் எபிசோடில் அக்காவும் தங்கையும் அப்பா வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் ஒரு பெண்ணியச் சொற்பொழிவுக்குப் போகிறார்கள். பேச்சாளர் கேட்கிறார்: குறையே இல்லாத உடம்பு கிடைக்கும் என்றால் ஆயுளில் ஐந்து வருடத்தைக் கொடுப்பவர்கள் யார்? இருவரும் சட்டென்று கையைத் தூக்குகிறார்கள். அரங்கமே அமைதி. வேறு ஒரு கையும் எழவில்லை. நாம் மோசமான பெண்ணியவாதிகள், என்கிறாள் தங்கை. அரங்கில் கை தூக்காதவர்களில் எத்தனை பேர் மனதுக்குள் தூக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொள்கை ஒரு பக்கம், கண்ணாடி முன் நிற்கும் ஐந்து நிமிடம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இந்தத் தொடர் ஒளிக்கவில்லை, அதற்காக அந்தப் பெண்களைத் தண்டிக்கவும் இல்லை.

இரண்டாம் சீசனில் மதுக்கூடத்தில் ஒரு காட்சி. தொழில்துறைப் பெண்களுக்கான விருதை வாங்கிய 58 வயது பெலிண்டா, அந்த விருது பெரியவர்கள் சாப்பிடும்போது குழந்தைகளைத் தனி மேஜையில் உட்கார வைப்பது போலத்தான் என்கிறாள். பிறகு வலியைப் பற்றிப் பேசுகிறாள். மாதவிடாய், பிரசவம் என்று பெண்கள் உடம்பிலேயே வலியைச் சுமந்து பிறக்கிறார்கள், ஆண்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் போர்களையே உண்டாக்குகிறார்கள் என்கிறாள். மாதவிடாய் நிற்கும் காலம் கொடுமையானது, ஆனால் அதைக் கடந்துவிட்டால் அற்புதம், அதற்காகக் காத்திரு, என்று எதிரில் இருக்கும் இளம்பெண்ணிடம் சொல்கிறாள். நம் வீடுகளில் இதை எந்த அம்மாவும் மகளிடம் நல்ல செய்தியாகச் சொன்னதில்லை. பெலிண்டாவாக நடித்த கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் வெளிச்சத்துக்காகவே நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வயதான பெண்கள் என்றதும் 'ஹேக்ஸ்' (2021இல் தொடங்கியது) நினைவுக்கு வருகிறது. லாஸ் வேகஸ் நகைச்சுவைக் கலைஞர் டெபரா வான்ஸாக ஜீன் ஸ்மார்ட். பல வருடம் கழித்துப் பழைய கிளப் ஒன்றுக்குப் போகிறாள். அங்கே நிகழ்ச்சியைத் தொகுக்கும் ஆண் மேடையேறும் பெண்களிடம் அன்று போலவே இன்றும் இழிவாகப் பேசுகிறான். டெபரா மேடையேறி, இனி வாழ்நாளில் மேடை ஏறவே கூடாது என்ற நிபந்தனையோடு அவனுக்கு 16.9 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். அந்தக் காட்சியில் எனக்கு இனிப்பும் கசப்பும் ஒன்றாகவே வரும். அவனை மேடையிலிருந்து இறக்க ஒரு பெண் கோடீஸ்வரியாக வேண்டியிருந்தது. மேடையேறிய மற்றப் பெண்களிடம் அந்தப் பணம் ஏது?

இப்போது குறை. இந்தப் பெண்ணியம் நெடுங்காலம் வெள்ளைக்கார, படித்த, நகரத்துப் பெண்களுடையதாகவே இருந்தது. 2012இல் வந்த 'கேர்ள்ஸ்' நியூயார்க்கில் நடக்கும் கதை, ஆனால் முக்கியப் பெண்கள் நால்வரும் வெள்ளையர்கள். இவ்வளவு கூர்மையான '30 ராக்' தொடரிலேயே வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவராக முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நடித்த காட்சிகள் இருந்தன. 2020இல் அந்த நான்கு எபிசோட்களையும் எடுத்துவிடச் சொல்லி டினா ஃபேயே கேட்டார். தன் வலியை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு அடுத்தவர் வலி தெரியாமல் போனது. அதே மாதிரி அறைகளில் வேறு ஆட்கள் உட்கார ஆரம்பித்த பிறகுதான் இது மாறியது. அங்கே நம் ஆட்களும் வருகிறார்கள்.

மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர், சொக்கலிங்கம் என்ற பெயரைச் சுருக்கியதுதான் கேலிங். 'தி ஆஃபிஸ்' தொடரின் எழுத்தாளர் அறையில் 24 வயதில் சேர்ந்தபோது எட்டுப் பேரில் ஒரே பெண் அவர். 2020 முதல் 2023 வரை நெட்ஃபிளிக்ஸில் நான்கு சீசன் ஓடிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' அவரும் லாங் ஃபிஷரும் உருவாக்கியது. தேவி விஸ்வகுமார் என்ற அமெரிக்கத் தமிழ்ப் பெண்ணாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பொது அழைப்புக்கு விண்ணப்பித்த சுமார் 15,000 பேரில் தேர்வானவர். தொடரின் தொடக்கத்திலேயே தேவி சாமி முன்னால் நின்று வேண்டிக்கொள்கிறாள். அதில் ஒரு வேண்டுதல், கையில் இருக்கும் முடி மெலிய வேண்டும் என்பது. இந்த ஒரு வரியை வெள்ளைக்கார எழுத்தாளர் எவரும் யோசித்திருக்க மாட்டார். பள்ளியில் முழுக்கைச் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அது புரியும். தேவி பொய் சொல்கிறாள், தோழிகளுக்குத் துரோகம் செய்கிறாள், கோபத்தில் கத்துகிறாள், பத்தாம் வகுப்புப் பையன் செய்யும் அத்தனை முட்டாள்தனமும் செய்கிறாள். நல்ல தமிழ்ப் பெண்ணாக இருந்து காட்ட வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

குறையும் உண்டு. விநாயகர் பூஜை எபிசோடில் பள்ளி மண்டபமும் இந்திப் பட நடனமுமாக மும்பை வாடைதான் தூக்கல், தமிழ் காதுக்குச் சில சொற்கள் உறுத்தும். ஆனால் அதே எபிசோடில் ஜெயா என்ற பெண் வருகிறாள். வேறு மதத்தவரைக் காதலித்து மணந்து, விவாகரத்தும் ஆனவள். மற்ற ஆன்ட்டிகள் அவளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவளுடைய கதையைத் தொடர் எளிதான வெற்றிக் கதையாக்கவில்லை, அவள் தன் முடிவைப் பற்றி வருத்தத்தோடுதான் பேசுகிறாள். கேள்வி அந்த மண்டபத்தில் அப்படியே நிற்கிறது.

நகைச்சுவை நடிகர் அஜிஸ் அன்சாரியும் தமிழ்தான், பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், அவருடைய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் அவர்களே அப்பா அம்மாவாக நடித்தார்கள். 2015இல் வந்த ஒரு எபிசோடின் தொடக்கம் இப்படி: இரவில் ஆண்கள் இருவர் பாட்டுக் கேட்டபடி வீட்டுக்கு நடக்கிறார்கள், அவர்களுக்கு நடந்த பெரிய விபரீதம் ஷூ நாய்க் கழிவில் பட்டதுதான். அதே இரவில், அதே மதுக்கூடத்திலிருந்து கிளம்பிய பெண்ணின் பின்னால் ஒருவன் வீட்டு வாசல்வரை வருகிறான், அவள் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆண்கள் பலருக்குப் பாடமாக இருந்த காட்சி அது. பிறகு 2018இல் ஒரு பெண், தன்னோடு வெளியே வந்த இரவில் தன் தயக்கத்தை அன்சாரி பொருட்படுத்தவில்லை என்று ஒரு இணையதளத்தில் சொன்னார். சம்மதத்தோடு நடந்ததாகத்தான் நினைத்தேன், அவர் சொன்னதை மனதில் ஏற்றுக்கொண்டேன், என்று அன்சாரி அறிக்கை விட்டார். அந்தக் காட்சியை இப்போதும் மதிக்கிறேன். ஆனால் ஒரு ஆண் எழுதிய நல்ல காட்சியை அவருக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஆண்களைக் கேலி செய்வதைத் தவிர வேறென்ன என்று கேட்டீர்களே, அதற்கு 'நெவர் ஹேவ் ஐ எவர்' கடைசி சீசனைப் பாருங்கள். தேவியின் வீட்டில் மாமியார் நிர்மலா, மருமகள் நளினி, இருவருமே கணவரை இழந்தவர்கள். தேவியின் அப்பா மோகன் போய்விட்டார், அவர் ஒருவருக்கு மகன், இன்னொருவருக்குக் கணவர். பாட்டிக்கு லென் என்ற அமெரிக்கரோடு காதல். வீட்டில் சந்தேகம், இந்த ஆள் யாரோ, எதற்கு வருகிறாரோ என்று துருவுகிறார்கள். சிரிப்பு முழுக்க அந்தத் துப்பறிதலின் மேல் விழுகிறது. பட்டுப்புடவையில் மணப்பெண்ணாக வரும் பாட்டியின் மேல் ஒரு துளி கேலிகூட விழவில்லை. என் அம்மாவோடு சேர்ந்து அதைப் பார்த்தேன். சப்டைட்டில் வேகம் அவருக்குப் பிடிபடவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கல்யாணக் காட்சி வந்ததும், 'சொல்லாதே, புரியுது' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.